எந்த எலும்பு என்று கேளுங்கள்

தாடையில் வளர்ந்த நீர்க்கட்டியை அகற்றிய பின்னும், வேர் முறிந்த பல்லைப் பிடுங்கிய பின்னும் அவ்விடத்தில் ஒரு குழி எஞ்சுகிறது. அக்குழியை நிரப்புவதற்காக அறுவை மருத்துவர் சில வேளைகளில் ஒரு சிறு குப்பியைத் திறக்கிறார். அதனுள் வெண்மணல் போன்ற துகள்கள் இருக்கும். வீடு திரும்பும் நாளில், கட்டண விவரத்தில் அது 'போன் கிராஃப்ட்' என்ற ஒற்றை வரியாக இடம்பெறும். அத்துகள்கள் மாட்டின் எலும்பிலிருந்து வந்தனவா, இறந்த ஒருவர் தானமாக ஈந்த எலும்பிலிருந்து வந்தனவா, ஆலையில் செய்யப்பட்டனவா என்பதை நோயாளிகளுள் பலர் அறிவதில்லை. அவர்கள் கேட்பதும் இல்லை. கேட்காதபோது பிறர் சொல்வதும் அரிது.

இதுகுறித்து நாங்கள் முன்வைக்கும் கருத்து எளியது. தாடைக் குழியை நிரப்பும் பொருள் எதுவாயினும், அது ஏன் தேவைப்படுகிறது, எங்கிருந்து வருகிறது, அதற்கு மாற்று உண்டா என்னும் மூன்றையும் அறுவைக்கு முன்பே, நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொல்லியாக வேண்டும். கேட்பது நோயாளியின் உரிமை. கேட்காவிடினும் சொல்வது மருத்துவரின் கடமை. இக்கருத்தை நாங்கள் வலியுறுத்தக் காரணம் என்ன என்பதை விளக்குமுன், எலும்பு எவ்வாறு வளர்கிறது என்பதைச் சற்றுக் காண்போம்.

உடல் தானே நிரப்பும் குழிகள்

பல்லைப் பிடுங்கிய குழியில் முதலில் குருதி உறைகிறது. சில நாட்களில் அவ்வுறைவினுள் நுண்ணிய குருதிக் குழாய்கள் ஊடுருவி, மென்மையான செந்நிறத் திசு உருவாகிறது. வாரங்கள் செல்லச் செல்ல அதில் ஒழுங்கற்ற இளம் எலும்பு தோன்றுகிறது; மாதங்கள் செல்ல அது முதிர்ந்த எலும்பாகிறது. ஏறக்குறைய மூன்று முதல் ஆறு மாதங்களில் குழியின் பெரும்பகுதி எலும்பால் நிரம்பிவிடும். சுற்றிலும் எலும்புச் சுவர் நலமாக இருக்கும் சிறு நீர்க்கட்டிக் குழிகளும் இவ்வாறே தாமாக நிரம்புகின்றன. சற்றுப் பெரியவை ஓராண்டோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளலாம். ஞானப்பல்லை அகற்றிய குழிக்கும் பெரும்பாலும் எதையும் இட்டு நிரப்ப வேண்டியதில்லை.

ஆகவே குழி இருக்கிறது என்பது மட்டுமே துகள் இடுவதற்குப் போதிய காரணம் ஆகாது. உடல் தானே செய்து முடிக்கும் பணிக்குக் காத்திருப்பதும் ஒரு மருத்துவம்தான். காத்திருக்கும் காலத்தில் செலவு இல்லை. அயற்பொருள் உடலினுள் செல்வதும் இல்லை.

ஆயினும் காத்திருப்பு பயன்தராத இடங்கள் உண்டு. பல் போன பின் தாடையின் விளிம்பு மெலிந்து போகிறது. டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, கடைவாய்ப் பற்களையும் முன்கடைவாய்ப் பற்களையும் இழந்த இடத்தில் விளிம்பின் அகலம் 12 மாதங்களில் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதையும், அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நேர்வதையும் காட்டியது. அவ்விடத்தில் பின்னர் இம்பிளான்ட் பொருத்த எண்ணுவோருக்குத் தொடக்கத்திலேயே குழியை நிரப்புவது பயன்தரும். அது மெலிவை முற்றிலும் தடுப்பதில்லை, குறைக்கிறது. மேல்தாடையின் பின்பகுதியில் எலும்பு மெல்லிதாகி, அதன் மேலுள்ள காற்றறை தாழ்ந்து வந்திருந்தாலும், குழியின் ஒரு பக்கச் சுவரே அழிந்திருந்தாலும் நிரப்புதல் தேவைப்படலாம். உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்த குழந்தைகளுக்கு, ஈற்றெலும்பில் உள்ள பிளவை ஏறக்குறைய எட்டு முதல் பதினொரு வயதிற்குள், கோரைப்பல் முளைக்கும் முன்பாக எலும்பு இட்டு மூடுகிறோம். அவ்வெலும்பின் வழியாகவே பல் இறங்கி வருகிறது.

சாரமும் கட்டடமும்

வீடு கட்டும் இடத்தை எண்ணிப் பாருங்கள். வேலை செய்யக் கொத்தனார்கள் வேண்டும். எதை எங்கே கட்டுவது என்று ஏவ ஒரு மேஸ்திரி வேண்டும். நின்று வேலை செய்யச் சாரம் வேண்டும். எலும்பு வளர்வதற்கும் இம்மூன்றும் தேவை. எலும்பை ஆக்கும் உயிரணுக்கள் கொத்தனார்கள். அவற்றைத் தூண்டும் புரதங்கள் மேஸ்திரி. உயிரணுக்கள் பற்றிப் படர்வதற்கான நுண்துளைகள் நிறைந்த கட்டமைப்பு சாரம்.

நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கும் எலும்பு இம்மூன்றையும் ஒருங்கே கொண்டுவருகிறது. குப்பியில் வரும் பெரும்பாலான துகள்கள் சாரம் மட்டுமே. கொத்தனாரும் மேஸ்திரியும் உங்கள் உடலிலிருந்தே வந்தாக வேண்டும். இதனை உணர்ந்துகொண்டால், 'எலும்பு வைத்துவிட்டார்கள், இனி எல்லாம் சரியாகிவிடும்' என்ற எண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது விளங்கும். மருத்துவர் வைப்பது சாரம். எலும்பைக் கட்டுவது உங்கள் உடல்.

ஒரு வேறுபாடும் உண்டு. வீடு கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரித்துவிடுகிறார்கள். எலும்பினுள் இடும் சாரம் பொருளுக்கேற்பக் கரைகிறது, அல்லது தங்கிவிடுகிறது. கால்சியம் சல்பேட் சில வாரங்களில் கரைந்துவிடும். ட்ரை கால்சியம் பாஸ்பேட் மாதக்கணக்கில் கரையும். மாட்டெலும்புத் துகள்களும் ஹைட்ராக்ஸிஅபடைட் துகள்களும் புது எலும்பால் சூழப்பட்டுப் பல ஆண்டுகள் உள்ளேயே இருக்கக்கூடும். விரைவில் கரைவது நல்லதா, தங்குவது நல்லதா என்பது இடத்தைப் பொறுத்தது. விளிம்பின் வடிவம் காக்கப்பட வேண்டிய இடத்தில் தங்குவது உதவும்.

நான்கு வழிகள்

முதலாவது, நோயாளியின் சொந்த எலும்பு. மோவாய், கீழ்த்தாடையின் பின்பகுதி, இடுப்பு ஆகிய இடங்களிலிருந்து எடுப்பார்கள். தரத்தில் இன்றும் இதுவே அளவுகோல். ஆனால் இரண்டாவதாக ஒரு காயத்தை ஏற்க வேண்டும். இடுப்பில் எடுத்தால் சில நாட்கள் நடப்பதில் வலி இருக்கும். மோவாயில் எடுத்தால் கீழ் முன்பற்களிலும் உதட்டிலும் மரத்த உணர்வு ஏற்படலாம்.

இரண்டாவது, இன்னொரு மனிதர் தானமாக ஈந்த எலும்பு. திசு வங்கிகள் ஈந்தவருக்குத் தொற்றுநோய் ஏதுமில்லை என்று சோதித்து, எலும்பைப் பதப்படுத்தி, பெரும்பாலும் கதிர்வீச்சினால் நுண்ணுயிர் நீக்கி வழங்குகின்றன. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இயங்கி வருகிறது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது, திசுக்களும் அதன் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டன. இவ்வகையில் மற்றொரு சிறப்பும் உண்டு. எலும்பிலுள்ள கனிமத்தை நீக்கிய பின்னும் எஞ்சும் பகுதி புது எலும்பைத் தூண்டவல்லது என்று மார்ஷல் யூரிஸ்ட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1965ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அதாவது, சாரத்தோடு மேஸ்திரியின் குரலும் ஓரளவு வருகிறது.

மூன்றாவது, விலங்கின் எலும்பு. பெரும்பாலும் மாடு, சிலவற்றில் பன்றி. வெப்பத்தாலும் இரசாயனங்களாலும் புரதம் நீக்கப்பட்டு, பல பொருள்களில் எலும்பின் கனிமக் கூடு மட்டுமே எஞ்சுகிறது. உலகெங்கும் பல்லாண்டுகளாக மிகுதியாக ஆராயப்பட்ட வகை இது.

நான்காவது, ஆலையில் செய்யப்படுபவை. இவற்றின் வரலாறு நெடியது. 1892ஆம் ஆண்டிலேயே டிரீஸ்மான் என்ற ஜெர்மானிய மருத்துவர் எலும்புக் குழிகளைப் பாரிஸ் சாந்தினால் நிரப்பியதைப் பதிவு செய்தார். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவில் லாரி ஹென்ச், எலும்போடு பிணையக்கூடிய கண்ணாடியைக் கண்டறிந்தார். இன்று ஹைட்ராக்ஸிஅபடைட், ட்ரை கால்சியம் பாஸ்பேட், இவ்விரண்டின் கலவை ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இத்தகைய எலும்புப் பீங்கான்களை உருவாக்கும் ஆய்வில் ஈடுபட்டுள்ளது.

இங்கே ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். துகள் ஆலையில் செய்யப்பட்டதாக இருந்தாலும், அதன்மீது போர்த்தும் மெல்லிய சவ்வு மாட்டின் கொலாஜெனாலோ பன்றியின் கொலாஜெனாலோ ஆகியிருக்கலாம். மீனிலிருந்து எடுத்த கொலாஜென் சவ்வும் உண்டு. விலங்குப் பொருள் கலவாத செயற்கைச் சவ்வும் உண்டு. ஆகவே 'துகள் எது?' என்று கேட்பவர் 'சவ்வு எது?' என்றும் கேட்க வேண்டும்.

உங்கள் குருதியையே சுழற்றிப் பிரித்தெடுக்கும் ஃபைப்ரின் படலம் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஈறு ஆறுவதற்கு அது துணைசெய்யும். ஆனால் பெரிய குழியில் எலும்பின் இடத்தை அது தனித்து நிரப்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மனசாட்சியும் மருத்துவத்தின் பகுதியே

எலும்பு ஒட்டுக்கும் மனசாட்சிக்கும் இடையிலான சிக்கல் புதியதன்று. யோப் வான் மீக்கெரன் என்ற டச்சு அறுவை மருத்துவர் 1668ஆம் ஆண்டில் வெளியான நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்திருக்கிறார். ரஷ்ய வீரர் ஒருவரின் மண்டையோட்டில் ஏற்பட்ட குறையை நாயின் எலும்பால் மூடினார்களாம். காயம் ஆறியது. ஆனால் விலங்கின் எலும்பைத் தலையில் தாங்கியவர் என்று திருச்சபை அவரை விலக்கி வைத்ததால், அதனை எடுத்துவிடும்படி அவர் வேண்டினார் என்பது அக்கதை. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வீரரின் வேதனை நமக்கு விளங்கக்கூடியதே. உடல் ஏற்றுக்கொண்டதை அவர் வாழ்ந்த உலகம் ஏற்கவில்லை.

நம்மிடையே தலைமுறை தலைமுறையாகப் புலால் உண்ணாதோர் இருக்கின்றனர். பசுவைத் தெய்வமாகப் போற்றுவோர் இருக்கின்றனர். பன்றியை விலக்கும் மார்க்கத்தினர் இருக்கின்றனர். இறந்தோர் உடலின் பகுதி தம்முள் இருப்பதை எண்ணித் தயங்குவோரும் உண்டு. அதையே பெரும் கொடையாக எண்ணி நெகிழ்வோரும் உண்டு. இவர்களுள் எவரது எண்ணம் சரி என்று தீர்ப்பளிப்பது மருத்துவரின் வேலையன்று. மருந்து என்றால் எதுவும் ஆகும் என்று ஒருவர் முடிவெடுக்கலாம். மாற்று இருக்கும்போது விலக்குவேன் என்று இன்னொருவர் முடிவெடுக்கலாம். தம் சமயப் பெரியவரைக் கலந்த பின் சொல்கிறேன் என்று மற்றொருவர் அவகாசம் கேட்கலாம். மூவருக்கும் முடிவெடுக்கத் தேவையான செய்தி முன்கூட்டியே கிடைத்திருக்க வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. 'நோயாளியை இது வீணே அச்சுறுத்தும்' என்பது ஒன்று. அறியாமல் இருந்து, பிறகு யார் வாயிலாகவோ அறிய நேர்வதே பெரிய அதிர்ச்சி என்பது எங்கள் விடை. இட்ட துகளைப் பின்னர் எளிதில் எடுத்துவிட முடியாது. எலும்பு அதனைச் சூழ்ந்திருக்கும். 'பதப்படுத்திய பின் அது வெறும் கனிமம்தானே, மாடு என்று சொல்வதில் என்ன பொருள்?' என்பது மற்றொன்று. அறிவியல் நோக்கில் அதில் உண்மை உண்டு. அந்த உண்மையையும் சேர்த்தே நோயாளியிடம் சொல்லலாம். எடைபோடும் உரிமை அவருடையது.

'அவசரத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை' என்பது மூன்றாவது மறுப்பு. தாடைக் குழியை நிரப்பும் அறுவைகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யப்படுபவை. ஐந்து நிமிடப் பேச்சுக்கு அதில் இடமுண்டு. சிகிச்சையின் தன்மை, அதன் மாற்று வழிகள், அதிலுள்ள ஆபத்து ஆகியவற்றை நோயாளிக்குப் போதிய அளவில் விளக்கிய பின் பெறுவதே செல்லத்தக்க சம்மதம் என்று 2008ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்குவதோடு அக்கடமை முடிந்துவிடுவதில்லை.

எக்ஸ்ரேயில் தெரியும் வெண்மை

அறுவை முடிந்த மறுநாள் எடுக்கும் எக்ஸ்ரேயில் குழி இருந்த இடம் வெண்மையாகத் தெரியும். 'எலும்பு வந்துவிட்டது' என்று குடும்பத்தார் மகிழ்வதுண்டு. அன்று தெரியும் வெண்மை இட்ட துகள்களின் வெண்மை. புது எலும்பு உருவாக மாதங்கள் ஆகும்; பொருளையும் இடத்தையும் பொறுத்து நான்கு முதல் ஒன்பது மாதங்கள் வரை இம்பிளான்டுக்காகக் காத்திருக்க நேரலாம்.

இதில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. சில வகைக் கட்டிகள் அகற்றிய பின்னும் மீண்டும் தோன்றும் இயல்புடையவை. அத்தகைய இடத்தில் நெடுங்காலம் கரையாத துகள்களை நிரப்பிவிட்டால், கட்டி திரும்புவதன் தொடக்க அடையாளத்தை அவ்வெண்மை மறைக்கக்கூடும். எனவே திசுப் பரிசோதனையின் முடிவு வரும்வரை நிரப்பாமல் விடுவதே சில வேளைகளில் அறிவுடைமை. 'ஏன் எனக்கு எலும்பு வைக்கவில்லை?' என்று வருந்துவோர்க்கு இதுவே விடையாக இருக்கலாம்.

துகளால் ஆகாதவை

புற்றுநோய்க்காகவோ பெரிய கட்டிக்காகவோ தாடையின் ஒரு துண்டையே அகற்ற நேர்ந்தால், அந்த இடைவெளியைக் குப்பித் துகள்களால் இணைக்க இயலாது. அங்கே குருதியோட்டமுள்ள உயிருள்ள எலும்பு வேண்டும். கணைக்காலின் வெளிப்புறத்தில் உள்ள மெல்லிய எலும்பை அதன் குருதிக் குழாய்களோடு எடுத்து, கழுத்துக் குழாய்களோடு இணைத்துத் தாடையை வடிவமைக்கும் முறை 1989ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. உடலின் எடையைப் பெரிதும் தாங்குவது உள்பக்கத்திலுள்ள பெரிய எலும்பே என்பதால், காயம் ஆறிய பின் பெரும்பாலோர் நன்கு நடக்கின்றனர்.

எந்தப் பொருளை வைத்தாலும் அதனைத் தோற்கடிக்கவல்லவை சில உண்டு. புகையும் புகையிலையும் குருதியோட்டத்தைக் குறைக்கின்றன. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் தொற்றுக்கு வழிவிடுகிறது. எலும்புத் தேய்வுக்காகவும், எலும்பில் பரவிய புற்றுநோய்க்காகவும் போடப்படும் ஜோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்ற ஊசிகள், சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் மடிந்துபோகக் காரணமாகின்றன. தாடைப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்க்கும் ஆறும் திறன் குன்றியிருக்கும். 'பல்லுக்குத்தானே' என்று கருதி இவற்றைச் சொல்லாமல் விடாதீர்கள். மருத்துவர் சொல்ல வேண்டியதைப் போலவே நோயாளி சொல்ல வேண்டியதும் உண்டு. ஊசியை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இரு மருத்துவர்களும் கலந்து முடிவு செய்யட்டும்.

'உடல் இதனை ஏற்குமா?' என்று பலர் அஞ்சுகின்றனர். பதப்படுத்திய துகள்களில் உயிரணுக்கள் இல்லாததால், சிறுநீரக மாற்றில் நேர்வது போன்ற நிராகரிப்பு இங்கே இல்லை. தோல்வி நேர்ந்தால் அது பெரும்பாலும் தொற்றினாலோ, தையல் பிரிந்து துகள் வெளிப்படுவதாலோ நேர்கிறது. ஓரிரு துகள் வாயில் உதிர்ந்தால் அஞ்ச வேண்டாம். சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வீக்கம் ஆகியவை கண்டால் உடனே வாருங்கள்.

கேட்க வேண்டியவை

அறுவைக்கு முன் கீழ்க்கண்டவற்றைத் தயங்காமல் கேளுங்கள். நோயாளியால் பேச இயலாவிடில் உடன் வருவோர் கேட்கலாம்.

1. இந்தக் குழியை நிரப்பாமல் விட்டால் என்ன ஆகும்?
2. இடப்போகும் துகள் எதிலிருந்து வந்தது? மேலே போர்த்தும் சவ்வு எதிலிருந்து வந்தது?
3. என் உணவு வழக்கத்துக்கும் சமயத்துக்கும் ஏற்ற மாற்று உண்டா? அதனால் பயன் குறையுமா?
4. எத்தனை கிராம் தேவைப்படும்? மொத்தச் செலவு எவ்வளவு?
5. அது கரையுமா, தங்குமா? அடுத்த எக்ஸ்ரே எப்போது?

விலை உயர்ந்தது என்பதாலேயே ஒரு பொருள் உங்களுக்கு ஏற்றதாகிவிடாது. விலை குறைந்தது என்பதாலேயே தாழ்ந்ததும் ஆகாது. சில நேரங்களில் சிறந்த விடை 'ஒன்றும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்பதாகவும் இருக்கும். அவ்விடையைக் கேட்டு ஏமாற்றம் அடைய வேண்டாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். துகள் குப்பியோடும் சவ்வு உறையோடும் பொருளின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டு வரும். அதன் ஒரு படியை உங்கள் கோப்பில் ஒட்டித் தரும்படி கேட்டு வாங்குங்கள். பத்தாண்டு கழித்து வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் உங்கள் எக்ஸ்ரேயில் அவ்வெண்மையைக் கண்டு 'இது என்ன?' என்று வினவும்போது, விடை உங்கள் கையில் இருக்க வேண்டும்.